சிவப்புக் காருக்கு ஒரு தள்ளு

"நானும் ஒரு கை கொடுக்கட்டுமா தம்பி?"

காரின் பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டிருந்த இளைஞன் பந்து போல எகிறி நின்றான். எதிரே பனியனும் செருப்புமாக ஒரு பெரியவர். இன்னும் சரியாக விடியவில்லை. தெருவில் பால்காரர்கூட வரவில்லை.

"வேணாம் சார். ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது, அவ்வளவுதான்."

"புது வண்டியா?"

"செகண்ட் ஹாண்ட் சார். போன வாரம்தான் வாங்கினேன். அதுக்குள்ள இன்ஜின் படுத்துடுச்சு."

பெரியவர் காரைச் சுற்றி வந்தார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. நின்ற இடத்திலேயே நூறு மைல் வேகத்தில் பறப்பது போல ஒரு பாவனை.

"ஸ்போர்ட்ஸ் காரு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இப்படித்தான் ஆசை ஆசையா ஒண்ணு வாங்கினார். மூணாம் நாளே இன்ஜின் மூச்சை விட்டுடுச்சு. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, துக்கம் விசாரிக்கிற மாதிரி அவர் தோளைத் தட்டிட்டுப் போயிட்டானாம். பழைய இரும்புக்காரன்கூட, 'வீட்டுல வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க'ன்னுட்டான்."

"அப்புறம் என்ன செஞ்சார்?"

"என்ன செய்வார்? 'வாசல்ல அது இருக்கணும், இல்ல வீட்டுல நான் இருக்கணும்'னு சம்சாரம் சொல்லிட்டாங்க. மனுஷன் இளைச்சுப் பாதியாயிட்டார்."

இளைஞன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "மெதுவாப் பேசுங்க சார். பக்கத்துத் தெருவுலதான் என் மாமனார் வீடு. நான் வண்டி தள்ளுறதைப் பார்த்தார்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். வெளிச்சம் வர்றதுக்குள்ள கிளப்பியாகணும்."

"அதை முதல்ல சொல்றதுக்கென்ன? நீ ஏறி உட்காரு. நான் தள்ளுறேன்."

"இந்த வயசுலயா சார்?"

"ஏறுன்னா ஏறு."

பெரியவர் தோளைக் கொடுத்தார். அவருடைய முதுகெலும்பு கணுக் கணுவாக முனகியது. முழங்கால்கள் இரண்டும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டின. அவர் எதையும் ஏற்கவில்லை. மலையையே நகர்த்துகிறவர் போல மூச்சைப் பிடித்துத் தள்ளினார். நாலு வீடு தாண்டியது. இன்ஜின் வாயைத் திறக்கவில்லை.

இளைஞன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "விட்டுடலாம் சார். இது ஆகிற காரியமில்லை. இங்கேயே நிக்கட்டும், நான் நடந்தே போயிடறேன்."

பெரியவருக்குப் பகீரென்றது. "நல்லா இருக்கே கதை. பாதியில விட்டுட்டுப் போறதா? உன் மாமனார் பார்த்தா என்ன ஆகும்? உட்காரு பேசாம. ரெண்டாம் கியர்ல போடு. இறக்கம் வந்ததும் கிளட்சை விடு."

"லைட் சுவிட்ச் எங்கேன்னுகூடத் தெரியலையே சார்."

"புதுசுல அப்படித்தான். ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம், கீழே தடவிப் பாரு."

தெருமுனையில் இறக்கம் வந்தது. இளைஞன் கிளட்சை விட்டான். நாற்பது வருஷம் சுருட்டுப் பிடித்த சிங்கம் போல இன்ஜின் இருமியது. ஒரு தும்மல். தெருவையே விழுங்குகிற கரும்புகை. அதற்குள்ளிருந்து ஓர் உறுமல்.

"ஓடுது சார்." இளைஞன் ஒரு கையால் கும்பிடு போட்டான். "பெத்த அப்பாகூட இப்படி உதவ மாட்டார். உங்களை மறக்கவே மாட்டேன்."

"மறந்துடு தம்பி, அதான் நல்லது. எங்கேயும் நிறுத்தாதே, நிறுத்தினா செத்துடும். ஊரைத் தாண்டுற வரைக்கும் காலை எடுக்காம மிதி."

கார் வளைவில் திரும்பி மறைந்தது. அதன் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை பெரியவர் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு சீட்டியடித்தபடி வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்த மனைவி, கரி அப்பிய அவர் முகத்தைப் பார்த்துத் திகைத்தாள். "காலங்காத்தால யாருங்க அந்தப் பையன்? அவனுக்காக இப்படி உயிரைக் கொடுத்துத் தள்ளுறீங்க?"

"உஷ், மெதுவாப் பேசு. சாவியை வண்டியிலேயே விட்டு வெச்சு நானும் எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருக்கேன், இன்னிக்குத்தான் ஒரு திருடன் மனசு வெச்சான். பாவம், நம்ம காரைத் தனியாத் தள்ள முடியலை அவனால."