சட்டம் எப்ப வரும்?

"அந்த ஆளக் கையையும் காலையும் கட்டி வைகை அணையில போடணும் சார்" என்றாள் கிருபாவதி. சொன்ன கையோடு ஒரு சாக்கு நிறையத் தைல பாட்டில்களைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். தேனி பயணியர் விடுதியின் மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி மலைச்சாமி தன் டீயைக் காப்பாற்றிக்கொண்டார். வீடு வீடாகச் சரக்கு விற்க ஏஜெண்டு சேர்க்கும் கம்பெனிகளுக்குப் புது விதிகள் போட அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்தது. ஜனங்களின் கருத்தைக் கேட்டு வர இவரை அனுப்பியிருந்தார்கள். போன ஊர்களிலெல்லாம் காலி நாற்காலிகளிடம்தான் கருத்துக் கேட்டிருந்தார். இங்கே வராந்தா வரைக்கும் பெண்கள் நின்றார்கள்.

அவர்களைத் திரட்டி வந்தவள் கிருபாவதி. பஜாரில் அவள் கணவன் ஜேசுராஜுக்குக் குடைக்கடை. இந்த வருஷத் தொடக்கத்தில் வைகுண்டராஜ் என்பவன் வந்து, முடி வளர்க்கும் தைலம் ஒரு பெட்டி வாங்கி ஏஜெண்டாகச் சேரச் சொன்னான். தனக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் போட்டது திரும்ப வந்துவிடும், அதற்குமேல் எல்லாம் லாபம் என்றான். சொன்னவன் தலையில் முடியே இல்லை. அன்றைக்கு அது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அவன் போடியில் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

கிருபாவதி கணவனுக்குத் தெரியாமல், பண்டிகைக்குப் போடும் வளையல்களை அடகு வைத்துச் சேர்ந்திருந்தாள். தைலம் விற்கவில்லை.

"கிறிஸ்துமஸ் வருது சார். வெறுங்கையோட கோயில்ல நின்னா வளையல் எங்கன்னு அவுக கேப்பாக." இந்த இடத்தில் அவள் குரல் நிஜமாகவே உடைந்தது.

மலைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு விதிகளை வாசித்தார். ஏஜெண்டு சேர்க்க வருகிறவர், இதுவரை எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் போட்ட பணத்தையாவது திரும்பக் கண்டார்கள் என்று உள்ளபடி எழுதிக் கொடுக்க வேண்டும். யோசிக்க அவகாசம் விட வேண்டும். விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்கள்.

இப்படி ஒரு சட்டம் அப்போதே இருந்திருந்தால் அந்தத் தைலத்தைக் கையால் தொட்டிருப்பேனா என்று கிருபாவதி கேட்டாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்து சுருளிப்பட்டி முருகம்மாள். பால்மாட்டை விற்றுச் சேர்ந்தவள். யார் சேர்த்துவிட்டது என்று அதிகாரி விசாரித்தார். முருகம்மாள் தயங்கிக் கிருபாவதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த அக்காதான் கூட்டியாந்தாக."

"பஸ்சுக்கு டிக்கெட்டும் நாந்தான் எடுத்தேன் சார்" என்றாள் கிருபாவதி.

மலைச்சாமிக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. ஊருக்கு இப்படி ஒருத்தி இருந்தால் சட்டமே தேவைப்படாது என்று தோன்றியது. புது விதிகள் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். முதலில் உயர்ந்த கை கிருபாவதியுடையது. வளையல் இல்லாத அந்தக் கையை அவரால் பார்க்க முடியவில்லை.

கூட்டம் கலைந்து, பெண்கள் பஸ் பிடிக்கப் போனார்கள். கிருபாவதி மட்டும் திரும்பி வந்தாள். சட்டம் எப்போது வரும் என்று கேட்டாள். எப்படியும் பொங்கல் கழிந்துவிடும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

அதற்கு முன்னால் சேருகிறவர்களுக்கு?

அவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்றார். அதற்குப் பிறகு சேருகிறவர்களிடம்தான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அவள் வளையல்களுக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

கிருபாவதியின் முகம் தெளிந்தது. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். முருகம்மாள் ஒருத்தி ஆயிற்று, இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி என்றாள். அவர் புரியாமல் பார்த்தார்.

"ஒங்க வீட்டம்மாவுக்கு முடி கொட்டுதா சார்?"