மேக்கப் கலைக்கும் வரிசை

படப்பிடிப்பில் போர்க்காலப் படுகொலைக் காட்சி முடிந்தது. பிணமாகக் கிடந்த நாற்பது துணை நடிகர்களும் எழுந்துவந்து வரிசையில் நிற்க, மேக்கப்மேன் தான் வைத்த குண்டுக்காயங்களை எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டார்.

நாற்பத்தோராவதாக வந்தவன் சட்டையைத் திறந்தான். மேக்கப்மேனுக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷத்தில் இவ்வளவு தத்ரூபமாக அவருக்கே வந்ததில்லை.

"இது என் வேலை இல்லையே தம்பி. யார் வெச்சது?"

"பட்டாளத்துக்காரங்கண்ணே."

"பட்டாள வேஷம் போட்டவனெல்லாம் என் தொழில்ல கைவைக்கிறானா?"

பாதி பாட்டில் எண்ணெய் தீர்ந்தது. காயம் அப்படியே இருந்தது. அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அவனே ஆறுதல் சொன்னான்.

"விடுங்கண்ணே. எங்க ஊர்ப் படுகொலையப் பத்தி இது ஏழாவது படம். ஒவ்வொண்ணுலயும் வரிசையில நின்னு பாத்துட்டேன், யாராலயும் அழிக்க முடியல. ஆனா, யார் வெச்சதுன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."