மாப்பிள்ளையின் கறுப்பு மோகம்

"ஏங்க, உங்களுக்குக் கிறுக்கு ஏதாவது புடிச்சிருக்குதா?"

அன்புக்கரசி கேட்டதில் தப்பே இல்லை. கல்யாணத்துக்கு அவள் அப்பா கோவிந்தசாமி சீராகக் கொடுத்த பைக்கு அது. அதன் முன்சக்கரத்துக்கு மேலே பளபளவென்று நிற்கும் ரெண்டு ஃபோர்க் பைப்புக்கும் சிங்காரவேல் செருப்பு பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தான். அதுவும் கறுப்பு பாலிஷ்.

"பைப்பு கறுப்பா இருந்தாத்தான் இப்ப ஸ்டைலு, அன்பு."

"ஒண்ணாங் கிளாஸ் படிக்கிற புள்ளைக்கு அப்பன் நீங்க. உங்களுக்கு என்னாத்துக்கு ஸ்டைலு? வெள்ளிக்கிழமை எங்க அப்பா வராரு, ஞாபகம் இருக்குதா?"

அவளுடைய கவலையே அதுதான். பெண்ணாடத்தில் கரும்பு போடுகிற கோவிந்தசாமிக்கு மூக்குக்கு மேல் ரோஷம். ஒருமுறை பந்தியில் தனக்கு அப்பளம் வைக்க மறந்துவிட்டார்கள் என்று எழுந்து போனவர், மகள் வூட்டுப் பக்கம் ஒரு வருஷம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்பளத்துக்கே அப்படி என்றால், ஆசையாகக் கொடுத்த வண்டியில் கரியைப் பூசினால் சும்மா இருப்பாரா?

சிங்காரவேல் காதில் வாங்கினால்தானே.

பாலிஷ் அன்றைக்குச் சாயங்காலமே அன்புக்கரசியின் புடவைக்கு மாறிவிட்டது. அடுத்ததாக, கரண்ட்டு வேலைக்காரர்கள் ஒட்டுகிற கறுப்பு டேப்பைச் சுற்றினான். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே அது சுருண்டு வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கியது. தெருவே சிரித்தது.

அப்போதும் மனுஷன் அடங்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், அவளையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பச்சமுத்து மெக்கானிக்கின் கடையில் வண்டியை நிறுத்தினான்.

"இதுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிச்சிடுங்கண்ணே."

"அடிக்கலாம். ஆனா இந்தப் பைப்பு கீழ இருக்கற குழாய்க்குள்ள ஏறி எறங்குது பாரு, அங்க ஆயில் வெளிய வராம புடிக்கற சீல் இருக்குது. அது பெயிண்ட்டச் சொரண்டித் தின்னுடும். அப்பறம் ஆயில் ஒழுவும்."

"எங்க கம்பெனி சூளையில வச்சி, கறுப்பு மெருகு பூசி சுட்டுட்டா?"

சிங்காரவேல் செராமிக் கம்பெனியில் சூளைக்குச் சாமான் அடுக்குகிறவன். கப்பு, பொம்மை, ஃப்யூஸ் கட்டை எல்லாம் அப்படித்தானே மினுமினுக்குது என்று அவன் கணக்கு.

பச்சமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சுடலாம். வெளிய எடுக்கும்போது முருங்கக்கா மாரி வளைஞ்சிருக்கும். பரவால்லியா?"

"பவுடர் கோட்டிங்னு என்னமோ சொல்றாங்களே?"

"சீல் ஒரசற எடத்துல அதுவும் நிக்காது. எதுக்குடா தம்பி உனக்கு இந்த வேல?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள கறுப்பாவணும்ணே."

பச்சமுத்து குனிந்து பைப்பைத் தடவிப் பார்த்தார். என்னமோ கேட்க வாயெடுத்தவர், சிங்காரவேல் கண்ணைக் காட்டவும் நிறுத்திக்கொண்டார். ஆம்பிளைகள் எல்லாம் ஒரே கூட்டு என்று அன்புக்கரசி பல்லைக் கடித்தாள்.

"அப்ப ஒரே வழி. மடிப்பு மடிப்பா கறுப்பு ரப்பர் உறை வருது. மாட்டிட்டா உள்ள பைப்பு இருக்கறதே தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"தெரியாதுடா."

தலைதீபாவளிக்குக்கூட சிங்காரவேல் அப்படிச் சிரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை கோவிந்தசாமி வெல்லமும் கரும்புமாக வந்து இறங்கினார். மகளைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைப் பார்த்தார்.

"என்னா மாப்ள இது, ஆனைத் தும்பிக்கை மாரி?"

"ஃபேஷன் மாமா."

பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. "கண்ணாடி மாரி வாங்கிக் குடுத்தேன் மாப்ள. மூஞ்சி பாத்துத் தல சீவலாம். அதப் போயி மூடி வச்சிருக்கீங்களே. ஒரு பொருளோட அரும தெரிய வேணாமா? வண்டின்னா பச்சப் புள்ளையாட்டம் பாத்துக்கணும். நானா இருந்தா ஒரு கீறலு வுட்டிருப்பனா?"

பக்கத்து வூட்டுக்காரர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். சிங்காரவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்புதான் மாமா. ஆசப்பட்டுட்டேன்."

அன்புக்கரசிக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அப்பா பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, வைகிறவரைக்கும் வைதுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். மனசுக்குள்ளேயே பழமலைநாதர் சாமிக்குக் கோடி கும்பிடு போட்டாள்.

மறுநாள் காலையில் கோவிந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மாப்ள, அந்தச் சாவியக் குடுங்க. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

"பெட்ரோல் இல்ல மாமா. இருங்க, நானும் வரேன். நடந்தே போவலாம்."

அன்புக்கரசி புருஷனை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நேத்துதான பெட்ரோல் போட்டீங்க? அவரு வாங்கிக் குடுத்த வண்டி. அவருக்கே சாவி குடுக்க மனசு வரல. இவ்ளோ கெட்ட மனசா உங்களுக்கு?"

சிங்காரவேல் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"போன தடவையும் டீ குடிக்கறேன்னுதான் எடுத்துட்டுப் போனாரு. நான் ஷிப்ட்டு முடிஞ்சி நடந்து வந்துக்கிட்டிருந்தேன். கம்பெனி பின்னால ஒடஞ்ச பீங்கானக் கொட்டி வச்சிருக்காங்க இல்ல, நேரா அதுல கொண்டுபோயி வுட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆவல. பைப்பு ரெண்டும்தான் கோடு கோடா போச்சி. எவனாவது பாத்தானான்னு சுத்திமுத்தியும் பாத்தாரு. நான் செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன்."

அன்புக்கரசி வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கோடப் பாத்து, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிக்கிட்டா, அந்த மனுஷன் இந்த வூட்டுப் படி மிதிப்பாரா? அதான் ரப்பர் போட்டு மூடினேன். இன்னொரு தடவ சாவியக் குடுத்தா, முழு வண்டிக்கும் ரப்பர் சட்ட தச்சிப் போடணும் அன்பு."