பக்கத்துக் கல்லூரி விண்ணப்பம்

"பக்கத்துக் காலேஜ் பசங்க நம்ம கிளாஸுக்கு நிஜமாவே வர்றாங்களாம்மா?" என்று போன வாரம் கேட்டார் பதிவாளர்.

"வந்துக்கிட்டே இருக்காங்க சார்."

"எங்க, வழியிலயா? வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஒரு ஃபாரமாவது வரணும். இல்லேன்னா இந்த ஏற்பாட்டையே மூடிடலாம்."

இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலரை.

பதிவுப் பிரிவு எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்தாள், மூடினாள். ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள்.

"என்னக்கா, பொண்ணு பாக்க யாராச்சும் வர்றாங்களா?" என்றாள் தட்டச்சுக்காரி.

நாற்பத்தாறு வயதில் அந்தக் கேலிக்குச் சிரித்துவிடுவதுதான் லாபம். சிரித்தாள்.

ஒரு கல்லூரி மாணவர் அடுத்த கல்லூரியில் ஒரு பாடம் படிக்கலாம் என்பது ஏற்பாடு. விண்ணப்பத்தை அங்குள்ள எழுத்தர் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டு, நேரில் கொண்டுவந்து தர வேண்டும் என்பது விதி.

ஆறு வருடமாக, பருவத்துக்கு ஒரு நாள், அந்தக் கல்லூரி எழுத்தர் வந்தார்.

மனைவி இறந்துவிட்டது ஒரு பருவத்தில் தெரிந்தது. சமைக்கக் கற்றுக்கொண்டிருப்பது அடுத்த பருவத்தில். பல்வலி என்று இவள் போகிறபோக்கில் சொன்னதை, ஆறு மாதம் கழித்து ஞாபகமாக விசாரித்தார்.

ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு வார்த்தை தொண்டை வரை வரும். முத்திரை குத்தும் சத்தத்தில் அமுங்கிப் போகும்.

ஐந்தாக நாலு நிமிடம் இருக்கும்போது அவர் மூச்சு வாங்க வந்து, ஒரே ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்.

போன உயிர் திரும்பி வந்தது. முத்திரையை எடுத்தாள். பிறகுதான் படித்தாள்.

மாலை வகுப்பு, முதலாண்டு மாணவர். கேட்கும் பாடம் தாவரவியல். வயது ஐம்பத்தொன்று.

மாணவர் கையெழுத்துக்குக் கீழே பரிந்துரைத்தவர் கையெழுத்து. இரண்டிலும் அதே சாய்வு, கடைசி எழுத்துக்கு அதே நீண்ட வால்.

ஊரார் விண்ணப்பத்தில் எல்லாம் பிழை பிடிக்கிற மனிதர், தன் விண்ணப்பத்துக்குத் தானே பரிந்துரை எழுதியிருந்தார்.

செல்லாது.

"வேற யாரும் வரல," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதான் நானே சேந்துட்டேன்."

மணி ஐந்தாகிவிட்டது. அவள் முத்திரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். விண்ணப்பத்தை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"இனிமே ஃபாரம் இல்லாமலே வாங்களேன்."