பின்லாந்துக்காரனின் புகார்

யெல்லே தான் உருவாக்கிய கணினி மொழியை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் பத்துத் திருத்தங்கள் வெளியிட்டுவிட்டான். பத்தும் ஒரே ஆள் சொன்ன குறைகளுக்கு.

“மறுபடியும் அந்தப் பின்லாந்துக்காரனா?” என்று கேட்டாள் மனைவி ஃபெம்கே.

“ஆமா. தேதியைக் கழிச்சா விடை தப்பா வருதாம். இத எழுதினவனுக்கு மூளை இருக்கான்னு, எல்லாரும் படிக்கிற குழுவுல கேட்டிருக்கான்.”

“நீயும் மாடா உழைச்சுக் கொட்டுறே. ஒரு நாளாவது நன்றின்னு சொல்லியிருக்கானா அந்தத் தாப்பியோ?”

“போதும் ஃபெம்கே. பதினோராவது திருத்தம் கிடையாது. இன்னிக்கோட கடையை மூடிடறேன்.”

“அப்பாடா! இனி ஞாயித்துக்கிழமையாவது உன் முகத்தைப் பாக்கலாம்.”

அவள் சமையலறைக்குப் போனதும் யெல்லே தாப்பியோவின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தான். உண்மையில் அப்படி ஒருவன் இல்லவே இல்லை. ஈ காக்கை எட்டிப்பார்க்காத குழு வெறிச்சோடித் தெரியக் கூடாதே என்று, தான் கண்ட பிழைகளைத் தானே அந்தப் பெயரில் புகாராக எழுதிவந்தான். விடைபெறும் கடிதம் ஒன்றை எழுதிவிட்டால் அவன் கதையும் முடிந்தது.

பெட்டியில் ஒரு கடிதம் காத்திருந்தது. லிஸ்பனிலிருந்து கிராசா என்ற பெண் எழுதியிருந்தாள்.

“தாப்பியோ, உங்களுக்கு வெட்கமாக இல்லையா? அந்த மனிதர் தன்னந்தனியாக உழைக்கிறார். இங்கே நாங்கள் நான்கு பேர் தினமும் இந்த மொழியில்தான் வேலை செய்கிறோம். தேதிப் பிழையை நானே சரிசெய்து இணைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடுங்கள்.”

“என்ன, இன்னும் திட்டுறானா?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“இல்ல ஃபெம்கே,” என்றான் யெல்லே. “இன்னிக்கு அவன் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.”