ஒரே பேர்ல ரெண்டு பேர்

லீட்ஸ் நகரப் புத்தகக் கடையில், தன் முதல் நாவலில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்த நெவில் கார்பெட்டுக்குத் தலை சுற்றியது.

"ஆஸ்பத்திரி சீரியல்ல டாக்டரா வந்தப்பவே நெனச்சேன், இந்த ஆளு எழுதுவாருன்னு!" என்றாள் முதலில் வந்த பெண்மணி.

"நான் டாக்டரா நடிச்சதே இல்லைங்களே!"

"என்ன அடக்கம்! ஆனா டிவியில ரொம்ப வயசாத் தெரியுறீங்க. மேக்கப்பா?"

அடுத்தவர், "அந்தப் பாதிரியார் வேஷம் பிரமாதம்" என்றார். அதையும் அவன் போட்டதில்லை.

கடைக்காரி கிசுகிசுத்தாள். "நீங்க நடிகர்தானே?"

"நடிகன்தான். ஆனா வேற பேர்ல. எங்க நடிகர் சங்கத்துல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கக் கூடாது. என் பேர்ல ஏற்கெனவே ஒருத்தர் இருந்தார். எழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, சொந்தப் பேரையே போட்டுட்டேன்."

"நாவலை டிவியில எடுக்கப் போறாங்களாமே?"

"திரைக்கதை எழுதணும்னுதான் நடிப்பையே விட்டேன். போன் வரும்னு காத்துட்டிருக்கேன். இன்னும் வரலை."

வரிசையின் கடைசியில் நின்ற பெரியவர் புத்தகத்தை நீட்டினார்.

"யார் பேருக்குப் போடட்டும்?"

"நெவில் கார்பெட்."

பேனா நின்றது.

"ஊரே என்னைப் பாராட்டுது தம்பி. நான் எழுதலைன்னு சொல்லிப் பார்த்தேன், ஒருத்தரும் நம்பலை," என்றார் பெரியவர். "போன வாரம் டிவிக்காரங்க போன் பண்ணி, திரைக்கதையும் நீங்களே எழுதிடுங்கன்னாங்க. சரின்னுட்டேன். அதுக்கு முன்னாடி, நான் என்னதான் எழுதியிருக்கேன்னு ஒரு தடவை படிச்சுப் பார்த்துட வேண்டாமா?"