ஏகமனதாக

மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அப்படிச் சொன்னியாம்மா?" என்று கேட்டார் கல்லூரி முதல்வர். அதட்டவில்லை. கனிவாகத்தான் கேட்டார்.

சொன்னாள்தான்.

போன வாரம் வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது சொன்னாள். பாடம் நடத்தும் ஹெப்சிபா மேடத்திடம் மட்டும் சொன்னாள். பகலெல்லாம் ஷூ கம்பெனியில் பசை வாடையில் நின்றுவிட்டு, அங்கிருந்து நேராக ஓடிவந்து படிக்க உடம்பு கேட்கவில்லை என்றாள். பஸ் சில நாள் நிற்காமலே போய்விடுகிறது என்றாள். நேரமாகிவிட்டதென்று புருஷன் கதவைத் திறக்காமல் வெளியிலேயே நிற்கவைத்ததையும் சொல்லிவிட்டாள். அதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"விட்டுடலாம்னு இருக்குது மேடம்."

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வரும்வரை விடவில்லை.

இப்போது அதே மேடம் எதிர் நாற்காலியில். அவளைத் தவிர எல்லோரையும் பார்த்துக்கொண்டு.

சற்று முன்தான் எழுந்து பேசி முடித்திருந்தார்.

"மாலை வகுப்பை நாம மூடல சார். அந்தப் பொண்ணுங்களாலயே முடியல. இதோ, அவங்க பிரதிநிதியே இருக்காங்க. லேட்டானா வீட்ல கதவைத் திறக்கறதில்லையாம். விட்டுடலாம்னு எங்கிட்ட அழுதாங்க."

கதவைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

கல்லூரியின் திட்டக் குழுவுக்கு அவளை அழைத்து வந்ததே மேடம்தான். எந்தப் படிப்பு நடக்க வேண்டும், எது கூடாது என்று முடிவு செய்கிற இடம் அது, உங்கள் குரலும் அங்கே இருக்க வேண்டும் என்றார். நேற்று மாலை வகுப்பில் பாடமே நடக்கவில்லை. அவள் என்ன பேச வேண்டும் என்பதுதான் பேச்சு. தெருமுனையில் பஸ் நிற்க வேண்டும், வகுப்பு கொஞ்சம் தள்ளித் தொடங்க வேண்டும். இரண்டே கோரிக்கை. 'தலைவர் அவர்களே' என்று ஆரம்பிப்பதா, 'சார்' போதுமா என்பதில்தான் சண்டை வந்தது. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது.

"சொன்னேன் சார். ஆனா..."



ஷூ கம்பெனி மேனேஜர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். அவரும் குழுவில் உறுப்பினர். கம்பெனியில் அவரைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறாள்.

"பாவம், கஷ்டம்தான்," என்றார் அவர். "குடிம்மா."

"பஸ் நிக்கணும்னு கேக்கத்தான் சார் வந்தேன். வகுப்பை நிறுத்தக் கூடாது. எங்களுக்கு வகுப்பு வேணும்."

"நல்ல கருத்து," என்றார் முதல்வர். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் திரும்பினார். "பஸ் விஷயத்தையும் சேர்த்துக்குங்க."

சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த பருவத்திலிருந்து மாலை வகுப்பு கிடையாது. லேப் டெக்னீஷியன் படிப்பைப் பாதியில் வைத்திருப்பவர்கள் பகலில் வந்து முடித்துக்கொள்ளலாம்.

பகலில் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்பது மேனேஜருக்குத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலியாகும் அறைகளுக்குக் கம்பெனியே மெஷின் தருகிறது. காலணி வடிவமைப்பு என்று புதுப் படிப்பு வருகிறது. அதற்கு ஒருங்கிணைப்பாளர் ஹெப்சிபா மேடம்.

கைதட்டினார்கள்.

அவள் கைகளும் ஒருமுறை தட்டிவிட்டன. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"ஏகமனதாக," என்றார் முதல்வர்.

சமோசா வந்தது. போட்டோ எடுத்தார்கள். மாணவர் பிரதிநிதி ஓரத்தில் நிற்கக் கூடாது என்று அவளை நடுவில் நிறுத்தினார்கள்.

வராந்தாவில் மேடம் அவள் தோளில் கை வைத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. உன் நல்லதுக்கும் சேத்துதான் பேசினேன்."

அவள் தோளை நகர்த்திக்கொண்டாள். கை விழுந்தது.

மாலை வகுப்பு நிரம்பியிருந்தது. கம்பெனியிலிருந்து எல்லோரும் அன்றைக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்திருந்தார்கள். மேடம்தான் முதலில் உள்ளே போனார். முடிவைச் சொன்னார். யாரும் எதுவும் கேட்பதற்குள் இதையும் சொன்னார்.

"எல்லாரும் கலந்து பேசித்தான் முடிவெடுத்தோம். உங்க பிரதிநிதியும் கூடவே இருந்தாங்க. யாரும் மறுத்துப் பேசல."

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற அவளைக் கடந்து போனார். செருப்புச் சத்தம் படியிறங்கும்வரை கேட்டது.

கம்பெனியில் அவளுக்கு அடுத்த மெஷினில் தைப்பவள் தவமணி அக்கா. இந்தப் படிப்புக்கு அவளை வற்புறுத்திச் சேர்த்துவிட்டதும் அக்காதான். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் அங்கதான இருந்த?"

"இருந்தேன்க்கா."

"கம்முனு இருந்தியா?"

இல்லை என்று சொல்லலாம். அது உண்மையும்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கதவு விஷயத்தையும் சொல்ல வேண்டிவரும். இருபது முகங்கள். அதில் பாதிப்பேருக்கு அவள் வீட்டுக்காரரைத் தெரியும்.

தவமணி அக்கா பெஞ்சில் நகர்ந்தாள். இடம் விடுகிறாளா, விலகுகிறாளா என்று வாசலிலிருந்து தெரியவில்லை.

அவள் உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"ஒருநாள் மேடத்துகிட்ட அழுதேன்க்கா," என்றாள். "அதைத்தான் காரணமா எடுத்துக்கினாங்க."